தளபதியின் மகன் கட்டிய பல்

அபிதகுசாம்பாள் பல் அச்சு எடுப்பதற்கான மாவைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, நாற்காலியில் சாய்ந்திருந்த கிழவர் அவளுடைய தாத்தாவின் பெயரைச் சொன்னார். சீன மொழி அவளுக்குப் பாதிதான் புரியும். ஆனால் ஹூ பாவ்ஷான் என்ற பெயர் பிறந்ததிலிருந்து கேட்டது. அப்பாவின் கை கிழவரின் தாடையருகே அப்படியே நின்றுவிட்டதையும் அவள் பார்த்தாள்.

ஆரணியில் அப்பாவை எல்லோரும் சீனா டாக்டர் என்பார்கள். கல்கத்தாவில் மாமனிடம் பல் கட்டக் கற்றுக்கொண்டு, ஊர் ஊராகப் பெட்டியோடு அலைந்து, போளூர்க்காரி ஜெயத்தைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். சீனாவோடு சண்டை நடந்த வருஷம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சம்பந்தம் பட்டுக் கடையை மூடிவிட்டுக் கூடவே போனார். "நம்ம ஊரு மனுசருங்க இவரு. இவுங்கப்பாரு சீனாவுல ராஜாவா இருந்தவரு" என்று அவர் சொன்னதில் அங்கே கேள்விகள் இன்னும் கொஞ்சம் கூடின.

தாத்தா ராஜா இல்லை, தளபதி. கோவேறு கழுதை ஓட்டியவரின் மகன். பட்டாளத்தில் சேர்ந்தார், மேலதிகாரி ஓடிப்போன ஒரு சண்டையில் துப்பாக்கிகளைத் தன் வசமாக்கிக்கொண்டார், பிறகு மூன்று மாவட்டங்களை ஆண்டார். மலையைக் குடைந்து சாலை போட்டார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். பஞ்சம் வந்தபோது தன் குதிரைகளையே வெட்டிக் கஞ்சியில் போட்டு ஊருக்கு ஊற்றினார். இதையெல்லாம் அபிதா சோற்றோடு சேர்த்து உண்டு வளர்ந்தாள். பள்ளியில் சப்பைமூக்கி என்று கூப்பிட்டவர்களிடம், தாத்தாவின் சிப்பாய்களைத் தன் இஷ்டத்துக்குப் பெருக்கிச் சொல்வாள்.

கிழவரின் பெயர் வூ. வேலூரில் ஓட்டல் சமையல்காரர். ஆரணியில் தன் மாவட்டத்துக்காரர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு முதல்முறை பஸ் ஏறி வந்தபோது பல்லைப் பற்றிப் பேசவே இல்லை. மாமன் செத்த பிறகு அப்பா அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டதில்லை. அன்று அவர் சிரித்த சிரிப்பில் ஜெயம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்த மனிதருக்கு இப்படியும் ஒரு குரல் இருந்திருக்கிறது.

இன்றுதான் அச்சு எடுக்க உட்கார்ந்தார். முன்பற்கள் எப்படிப் போயின என்று அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார்.

வூ போன பிறகு அப்பா கழுவிய கிண்ணத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். சாலை வேலைக்கென்று வூவையும் அவர் அண்ணனையும் தளபதியின் ஆட்கள் வயலிலிருந்து கயிற்றில் கட்டி இழுத்துப் போனார்களாம். தப்பி ஓடப் பார்த்ததற்குத் துப்பாக்கிக் கட்டையால் வாயில் ஒரு அடி. அண்ணன் திரும்பவில்லை.

"அவரு சொன்னது நெசமா, நைனா?"

"நெசமாத்தான் இருக்கும். அந்த ரோட்டை யாரு போட்டாங்கன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல."

"கஞ்சி ஊத்தினது?"

"அதுவும் நெசந்தான். நானே கிண்ணத்தைத் தூக்கிகினு பக்கத்துல நின்னேன்."

ஜெயம் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நீங்க யார் புள்ளன்னு அவருகிட்ட சொல்லிக்காதீங்க. ஒங்க பாஷையில பேச இப்பத்தான் ஒரு ஆளு கெடைச்சிருக்காரு. பல்லைக் கட்டிக் குடுத்துட்டு சும்மா இருங்க. எப்பவோ நடந்ததுக்கு இப்ப ஏன் பேஜார் பண்ணிக்கிறீங்க?"

அப்பா அந்தப் பற்களை மெழுகில் வைத்துப் பார்த்தார், கலைத்தார், மறுபடி வைத்தார். வேறு யாருக்கும் அவர் அப்படி மெனக்கெட்டு அபிதா பார்த்ததில்லை.

அடுத்த முறை வூ ஒரு பாட்டிலில் மிளகாய் ஊறுகாய் கொண்டுவந்தார். அப்பா அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே, தான் யாருடைய மகன் என்று சொன்னார்.

வூ நெடுநேரம் ஊறுகாய் பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, தளபதி எப்படிச் செத்தார் என்று கேட்டார்.

அப்பா சொன்னது அபிதாவும் அதுவரை கேட்டிராதது. தோற்று ஓடி, ஒரு பாழடைந்த கோயிலில், வயிற்றுப்போக்கில். காவலாட்கள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூட இருந்தது மகன் மட்டும். வெளியே போய்த் தண்ணீர் கொண்டுவர அவனுக்குப் பயம்.

"எங்கம்மாவும் அந்தக் கஞ்சியை வாங்கிக் குடிச்சா" என்றார் வூ. பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பல் வாங்கவில்லை.

அப்பா தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அபிதா பற்களை ஈரப் பஞ்சில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் வூ உட்கார்ந்திருந்தார். எந்த மொழியில் பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. வந்தது தமிழ்தான்.

"இது உங்களுதுங்க. நைனா அனுப்பல. நானாதான் எடுத்துகினு வந்தேன்."

அவர் பஞ்சைப் பிரித்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். வூ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பியபோது, உள்வாங்கிக் கிடந்த மேலுதடு நிமிர்ந்திருந்தது. அவள் அறியாத யாரோ ஒருவர் போலிருந்தார்.

"ஒங்கப்பா சாப்டாரா?" என்றார், ஓட்டலில் பழகிய தமிழில்.

"இல்லீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஸ் பின்னால் நகர்ந்து, ஹாரன் அடித்து, கூட்டத்தைப் பிளந்து திரும்பியது. ஜன்னலில் அவர் வாய் மூடியிருந்தது. மூடிய உதட்டுக்குப் பின்னால் நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தொட்டுத் தொட்டு நகர்ந்துகொண்டிருந்தது.