உலக்கையின் நிழல்

மஜீதுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. நோன்புப் பெருநாள் போய் நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அவனைக் கேட்டால் உண்மையான பெருநாளே இன்றைக்குத்தான். மதியம் இரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடத்துக்குச் சூரியன் மக்காவின் உச்சியில், கஃபாவுக்கு நேர் மேலே வந்து நிற்கப் போகிறது. இதை மெட்ராஸில் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து, கப்பல்காரர்கள் வைத்துக்கொள்ளும் வானப் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அவனே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருந்தான். கண்டுபிடித்த குஷியில் விடுதிவரை ஓடியவன், அறைக்குள் போன பிறகுதான் வெறுங்காலோடு நிற்பதைக் கவனித்தான். பள்ளிவாசல் பழக்கத்தில் நூலகப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறான். திரும்பிப் போனபோது செருப்பு இல்லை. போனால் போகட்டும் என்று அன்று இரவு இரண்டு ரொட்டி அதிகமாகத் தின்றான்.

அது ஐம்பத்தைந்தாம் வருஷம். பாலக்காடு மெட்ராஸோடு இருக்குமா, மலையாளத்தோடு போகுமா என்று டீக்கடைகளில் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்த காலம். பாலக்காட்டை ஒட்டிய புதுநகரத்தில் இரும்புக்கடை வீதியில் மட்டும் அந்தப் பேச்சு ஓய்ந்து, மக்கா எந்தப் பக்கம் இருக்கிறது என்ற பேச்சு ஒன்றரை மாதமாக நடந்துகொண்டிருந்தது. காரணம் மஜீத். வீதிக்கென்று சின்னதாக ஒரு தொழுகைப் பள்ளி கட்டப் போகிறார்கள். வழக்கம்போல மேற்கே பார்த்து அஸ்திவாரம் போட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிக்கிற பிள்ளை லீவுக்கு வந்தான். வந்ததும் மேற்கு தப்பு என்றான்.

மேற்கிலிருந்து இருபத்தொன்றரை டிகிரி வடக்கே திரும்ப வேண்டும் என்பது அவன் கணக்கு. நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு தர்பூசணிப் பழத்தைப் பூமியாக்கி, புதுநகரத்துக்கு ஒரு கிராம்பு, மக்காவுக்கு ஒரு கிராம்பு குத்தி, நடுவே நூல் பிடித்துக் காட்டினான். வெயில் காலத்து நோன்பு. பெரியவர்கள் நூலைப் பார்த்ததைவிடப் பழத்தைத்தான் பார்த்தார்கள். விளக்கம் முடிந்ததும் பூமியை ஆளுக்கொரு துண்டாகத் தின்றுவிட்டு, யோசிக்கலாம் என்று எழுந்து போனார்கள்.

கடைசியில் அசரத்து சம்மதித்தார். வீதிக்குத் தொழுகை நடத்த இருப்பவர் அவர்தான். சொல்லுக்குக் கட்டுப்பட்ட மனுஷர். மேற்கே பார்த்து நின்றாலும் தொழுகை கூடும், செல்லாமல் போகாது என்று கிதாபு சொல்கிறது, ஆனாலும் இன்னும் சரியாக நிற்க வழி இருந்தால் நிற்பதுதானே மரியாதை என்றார். கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார். "உன்ற சொல்ல நம்பித்தான் அத்தனை பேரும் நிக்கப் போறாங்க. வெளையாட்டில்ல, பாத்துக்க."

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய பட்டாளத்துத் திசைகாட்டிப் பெட்டியை வைத்து மஜீத் போன வாரம் திசை எடுத்தான். கொத்தனார் அதன்படியே முளை அடித்து நூல் கட்டினார். இன்று பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் கல் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் சூரியனையே சாட்சிக்குக் கூப்பிடுவது என்று மஜீத் முடிவு செய்தான். மக்காவுக்கு உச்சியில் சூரியன் நிற்கிற அந்த நொடியில், இங்கே நட்ட கோலின் நிழல் மக்காவுக்கு நேர் எதிர்ப்பக்கம் விழும். அதாவது தன் நூல்மேலேயே விழும். வீதியே வாயைப் பிளக்கும். இதை நினைத்து நினைத்து அவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

காலையில் சைக்கிளில் ரயில் நிலையம் போய், அங்கிருந்த கடிகாரத்தைப் பார்த்து, அக்கா வீட்டுக்காரர் பரீதின் கைக்கடிகாரத்தைச் சரிசெய்து வந்தான். வழியெல்லாம் யோசனை ஓடியது. மெட்ராஸில் மின்சார ரயிலில் போகும்போதும், விடுதியில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கும்போதும் அவனுக்குத் தொழுகை நினைவு வராமல் போயிருக்கிறது. விடியற்காலைத் தொழுகையான சுபுஹு பல நாள் தூக்கத்தில் போயிற்று. விஞ்ஞானம் படிக்கப் படிக்க ஈமான், இறைநம்பிக்கை, குறையும் என்று யாரோ பயமுறுத்தியது மெய்தானோ என்று கலங்கியதும் உண்டு. ஆனால் அந்தப் பஞ்சாங்கத்தில் தேதியையும் நிமிடத்தையும் கண்டபோது அவன் உடம்பு சிலிர்த்துவிட்டது. ரயில் தாமதமாக வரும், தபால் தாமதமாக வரும். இது மட்டும் ஒரு நிமிடம் பிசகாமல் வருஷா வருஷம் வருகிறது, இதை ஓட்டுகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று வியந்தான். பள்ளிவாசலில் கேட்ட எந்தப் பயானிலும் வராத அழுகை அன்றைக்கு வந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பரீது மச்சான் ஆயுசுக்கும் கேலி செய்வார்.

இரண்டு மணிக்கு வீதி திரண்டுவிட்டது. அம்மாவிடம் கெஞ்சி வாங்கி வந்த ஐந்தடி உலக்கையை நூலின்மேல் நட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்துச் செங்குத்தாக்கினான். எல்லாம் தயார். சூரியனைத்தான் காணவில்லை. மேற்கே கருமேகம் ஏறிக்கொண்டு வந்தது. காற்றில் மழை வாசனை அடித்தது. இரண்டரை ஆயிற்று, இரண்டே முக்கால் ஆயிற்று. சாட்சி வரக் காணோம் என்று பரீது சிரித்தார். இதை விட்டால் சூரியன் மறுபடி அங்கே உச்சிக்கு வருவது ஜூலை பதினாறாம் தேதிதான். அப்போது கொட்டுகிற இடவப்பாதிப் பருவ மழையில் சூரியனை எங்கே தேடுவது? மஜீத் அண்ணாந்து பார்த்தபடி வாய்க்குள் ஓதினான். மனப்பாடமாக இருந்த அத்தனை சூராவும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வந்தது.

இரண்டு நாற்பத்தாறுக்கு மேகம் கிழிந்தது. வெயில் பளீரென்று அடித்தது. உலக்கையின் நிழல் மண்ணில் கறுப்பாக விழுந்தது. மஜீத் மண்டியிட்டு, கடிகாரத்தில் ஒரு கண்ணும் மண்ணில் ஒரு கண்ணுமாக இருந்து, நாற்பத்தெட்டுக்கு நிழலின்மேல் சுண்ணாம்புக் கோடு இழுத்தான். இழுத்து முடித்த பிறகுதான் பார்த்தான். நிழலின் நுனி நூலைவிட்டு ஐந்து விரற்கடை விலகியிருந்தது.

"பாத்தீங்களா, நூலை ஒட்டியே உழுந்திருக்குது" என்றார் அவன் அத்தா கனி ராவுத்தர், பெருமை தாங்காமல். கூட்டம் அல்ஹம்துலில்லாஹ் என்றது. நின்று பார்க்கிறவர்களுக்கு ஐந்து விரல் ஒரு பொருட்டா? இருபது பேர் அவன் முதுகில் தட்டினார்கள். அசரத்துகூடக் குனிந்து பார்த்து, போதும், கூடும் என்றுவிட்டார்.

மஜீத் மனசுக்குள் கணக்குப் போட்டான். ஐந்து விரல் இங்கே. மக்கா போய்ச் சேரும்போது இருநூறு மைல். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அத்தாவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தை அவன் இதுவரை கண்டதில்லை. மேற்கு தப்பு என்று வீதியையே திருப்பியவன் இப்போது நானே தப்பு என்றால், அந்த மனுஷர் நாளைக்கு எந்த முகத்தோடு இரும்புக்கடையைத் திறப்பார்? ஆனால் எங்கே பிசகியது என்ற கேள்வி அதற்குள் அவனைப் பிடித்து உலுக்கத் தொடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தான். முளைக்குப் பக்கத்திலேயே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு குவியல், மேலே சாக்கு, சாக்கின்மேல் பலகை. அன்றைக்குத் திசைகாட்டியை வைக்க வாகாக இருக்கிறதென்று அவன் தேர்ந்தெடுத்த மேசை அது. சாக்குக்குள் இருந்தது கான்கிரீட்டுக்கு அத்தா தருமமாகக் கொடுத்த இரும்புக் கம்பிக் கட்டு. பிறந்ததிலிருந்து இரும்புக்கு நடுவிலேயே வளர்ந்தவனுக்கு இரும்பு கண்ணில் படவே இல்லை. காந்தத்தைப் பற்றி நாற்பது பக்கம் பரீட்சை எழுதிய பிள்ளை.

அவனுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே எழுந்து, "இல்லீங்க. நூலு தப்புங்க. நான் எடுத்த திசையே தப்புங்க" என்றான்.

அவன் திசைகாட்டியை எடுத்து, குவியலிலிருந்து முப்பது அடி தள்ளி நின்று முள்ளைக் காட்டினான். பிறகு நடந்து கிட்டே வந்தான். கம்பியை நெருங்க நெருங்க முள் சரிந்து திரும்பியதை ஒவ்வொருவரும் எட்டிப் பார்த்தார்கள். கனி ராவுத்தர்தான் முதலில் கேட்டார். "அப்ப என்ற கம்பிதான் திருப்பியுட்ருச்சா?" கம்பி மேல் குற்றமில்லை, அதன்மேல் பெட்டியை வைத்த மடையன்மேல்தான் குற்றம் என்றான் மகன்.

பரீது விடவில்லை. "போன வாரம் பொட்டி, இன்னைக்கு ஒலக்கை. நாளைக்கு அம்மியத் தூக்கியாருவான். பேசாம மேக்கே பாத்தே கட்டிக்கலாமுங்க." பாதிப் பேர் தலையாட்டினார்கள். மஜீத் குனிந்து மண்ணைப் பார்த்தான். சரியான கோடு இதோ மண்ணில் கிடக்கிறது. அதைக் காலால் அழித்துவிட்டுப் போகப் போகிறார்கள், அதுவும் அவனாலேயே.

எல்லாரும் அசரத்தைப் பார்த்தார்கள். அவர் குனிந்து அந்தச் சுண்ணாம்புக் கோட்டை ஒரு முறை முழுக்கப் பார்த்தார்.

"பொட்டி சொன்னப்ப நான் தலைய ஆட்டுனேன், மனசு ஆடல" என்றார். "இப்ப இத்தனை பேருக்கு முன்னால, யாரும் கேக்காம, நாந்தான் தப்புன்னு நீயே சொன்னே. இந்தக் கோட்டை நம்பறேன். நூலை அவுத்துக் கட்டு."

மஜீத் முடிச்சை அவிழ்த்தான். நூலின் மறுமுனையைப் பிடிக்க யாரும் சொல்லாமலே கனி ராவுத்தர் வந்து குந்தினார். கோட்டின்மேல் நூல் விறைத்து நின்றது. கொத்தனார் முளையை மாற்றி அடித்தார்.

அசரத்து கோட்டின்மேல் வந்து நின்று, அது காட்டிய மக்காவின் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஹஜ்ஜுக் கப்பலுக்கு இரண்டு தடவை எழுதிப்போட்டு இரண்டு தடவையும் பேர் வராத மனுஷர் அவர்.

"கோடு போட்டியே, அந்நேரம் அங்கெ இருந்தவங்களுக்கு நெழல் எந்தப் பக்கம் உழுந்திருக்கும்?" என்று கேட்டார்.

"அங்கெ யாருக்கும் நெழலே இருந்திருக்காதுங்க அசரத்து. காலடியிலயே அடங்கிப் போயிருக்குமுங்க."

அசரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. "நேராத்தானே நிக்கறேன்?" என்றார்.

"நேராத்தானுங்க நிக்கறீங்க" என்றான் மஜீத்.

மேகம் மறுபடி மூடிக்கொண்டு முதல் தூறல் விழுந்தது. யாரும் ஒதுங்கவில்லை. அசர் நேரம் வரட்டும், சுவர் எழும்பாவிட்டால் என்ன, இங்கேயே தொழுதுவிட்டுக் கல்லை வைப்போம் என்று அசரத்து சொல்ல, ஆட்கள் அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் தோளோடு தோள் ஒட்டி வரிசை கட்டத் தொடங்கினார்கள்.