பாட்டைப் போடாத வகுப்பு

பதினோராம் வகுப்புக்கு ராக் பாடல்களைக் கவிதையாகச் சொல்லிக்கொடுக்க, அந்த இலக்கிய டீச்சர் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள்: பாட்டைப் போடக் கூடாது. கிடாரும் டிரம்ஸும் வந்தால் வரி செத்துவிடும் என்பது அவள் கட்சி. பிள்ளைகள் வரிகளை எழுதி வந்து, யார் பாட்டு என்று சொல்லாமல், வெறும் வாயால் படிக்க வேண்டும். சத்தத்தின் மேல் இருந்த பழைய பகையும் இதில் கொஞ்சம் உண்டு. சத்தக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் அல்லவா!

அவள் புருஷன் ஒரு காலத்தில் ராக் குழுவில் எழுதிப் பாடியவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கிடாரா, குடும்பமா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். மனுஷன் மறுபேச்சுப் பேசாமல் கிடாரை விற்றார். இப்போது குழாய் சாமான் கடையில் மேனேஜர். அவர் குழுவின் பாட்டுகள் மட்டும் இணையத்தில் எங்கோ கேட்பாரற்றுக் கிடந்தன.

அதில் ஒன்றைத்தான் அன்று கடைசி பெஞ்சு சுருட்டைமுடிக்காரி, விவரம் தெரியாமல், எடுத்து வந்து படித்தாள்:

இஸ்திரிப் பெட்டி சுட்ட நீலத் திரை,
திரைக்குப் பின்னால் சாத்திய கதவு.
இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.
சாத்திய கைக்குத்
திறக்கத் தெரியவில்லை.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் திரையைச் சுட்டதே அவள்தான். ஒத்திகையில் எத்தனையோ தடவை காதில் விழுந்த பாட்டு. ஒரு வரிகூட உள்ளே போனதில்லை.

"இதுல தப்பு யார் மேல மிஸ்?" என்று நடு பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"கதவச் சாத்தினவங்க மேலதான். இதுல என்ன சந்தேகம்?" என்றான் முன் பெஞ்சு நெட்டைக்கொக்கு.

"சரியான கல்நெஞ்சு!" என்றாள் சுருட்டைமுடி.

ஒத்திகை நடக்கும்போதெல்லாம் படார் படாரென்று கதவைச் சாத்தியவள் வேறு யார்? டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுத ஒன்றும் தோன்றாமல், தேதியை அழித்துவிட்டு மறுபடி தேதியையே எழுதினாள். மனசுக்குள் இவ்வளவு வைத்திருந்த மனுஷனைக் குழாய் விற்க அனுப்பிவிட்டேனே, பாவி!

சாயங்காலம் வீட்டில் அவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க நீலத் திரைப் பாட்ட இன்னிக்கு வகுப்புல படிச்சாங்க."

அவர் கை நின்றது. "பசங்க என்ன சொன்னாங்க?"

"கதவச் சாத்தினவங்களுக்குக் கல்நெஞ்சுன்னு. சரியாத்தான் சொன்னாங்க. என்னை மன்னிச்சிடுங்க."

"உன்னையா? சாத்தின கை என்னுதும்மா. நம்ம பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதிச்ச அன்னிக்கு நீ என்னைக் கூப்பிட்டே. நல்லாவே கேட்டுச்சு. கேக்காத மாதிரி கதவச் சாத்திட்டு வாசிச்சிட்டிருந்தேன். நேர்ல மன்னிப்பு கேக்கத் தைரியம் வரல. அதான் பாட்டா எழுதினேன்."

அவர் மடித்து வைத்த துண்டை எடுத்து அவள் மறுபடி மடித்தாள்.

"அந்தப் பாட்டக் கேட்ட பிறகும் கிடாரா குடும்பமான்னு கேட்டியா, சரி, இவ மன்னிக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் அந்தக் கிடார வெச்சு என்ன பண்றது? வித்துட்டேன்."

"அந்தப் பாட்ட நான் காதுகொடுத்துக் கேக்கவே இல்லீங்க."

"கேக்காம எப்படி? முதல் தடவை மேடையில பாடினப்ப முன் வரிசையிலதானே இருந்தே? கைகூடத் தட்டினியே!"

இருந்தாள், தட்டவும் தட்டினாள். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.