மொட்டைத் தூண்

எங்கள் ஊர்த் தேவாலயத்தின் வடக்குப் பக்கம் நான்கு தூண்கள். மூன்றின் தலையில் ஓக் இலை, ஐவிக் கொடி, நடுவே ஓக் கொட்டை தின்னும் பன்றி என்று யாரோ ஒரு மகராசன் கல்லில் செதுக்கித் தள்ளியிருக்கிறான். இலை நரம்புகூடத் தெரியும். இத்தனை வருஷமாகத் தூசி தட்டுகிறேன், இன்னும் அலுக்கவில்லை. நான்காவது தூணின் தலை மட்டும் வெறும் கல். அறுநூற்று எழுபது வருஷத்துக்கு முன்னால் கொள்ளைநோய் பாதி ஊரை வாரிக்கொண்டு போனபோது உளிச் சத்தமும் நின்றுவிட்டது. அதை மொட்டையன் என்போம்.

மொட்டையனுக்கும் இலை செதுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார் ஆம்ப்ரோஸ். போன குளிர்காலத்தில் இறந்த மனைவி மேவிஸின் நினைவாக. தேவாலயப் பொறுப்பு என்னுடையது. நான் கையெழுத்துப் போடாமல் விண்ணப்பம் நகராது. எனக்கோ துளியும் மனசில்லை; உளி நின்ற இடம் நின்றபடியே இருக்கட்டும் என்று எனக்கு.

“இத்தனை காலம் மொட்டையா நின்னது போதாதா, ஐரிஸ்?”

“உங்க தலையும்தான் இருபது வருஷமா மொட்டை. நான் ஏதாவது சொன்னேனா?”

சிரித்தார், ஆனால் விடவில்லை. “மேவிஸ் பேர் சொல்ல ஒண்ணு இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு.”

கல் வேலை செய்யும் டாம்சின் பார்த்துச் சரியென்றால் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை டாம்சின் வந்து சாரத்தில் ஏறி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாள்.

“ரெண்டு பேரும் மேல வாங்களேன்!”

ஏறினோம். வெறும் கல் என்று நாங்கள் நினைத்திருந்ததைச் சுற்றி முடி போல மெல்லிய கீறல்கள், இலை இலையாக. ஒரே ஒரு இலையில் மட்டும் உளி இறங்கியிருந்தது, பாதி நரம்பு வரைக்கும்.

“கோடெல்லாம் போட்டுட்டான். மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்னு இறங்கிப் போயிருக்கான், பாவம்,” என்றாள் டாம்சின். “இந்தக் கோட்டு மேலயே நான் செதுக்கிடறேன். அச்சு அசலா அவன் நினைச்ச மாதிரியே வரும்.”

தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். இனி என்ன சொல்லித் தடுப்பது?

ஆம்ப்ரோஸ் அந்தப் பாதி நரம்பில் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை.

“மேவிஸ்கிட்ட நானும் அதையேதான் சொன்னேன். ஆஸ்பத்திரியில. நாளைக்கு வர்றேன்னு.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டாம்சின் பையிலிருந்து எடுத்த உளியோடு நின்றாள்.

“உளிய உள்ள வைம்மா,” என்றார் அவர். “இது அவன் வேலை.”