மஞ்சள் வீட்டு விருந்தாளி

முகத்தை வைத்து வெர்லீன் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நாற்பத்தேழு வருஷத்தில் முகம் யாருக்குத்தான் அப்படியே இருக்கிறது? ஃபெரியிலிருந்து இறங்கி, வெர்லீன் ஓட்டிவந்த கோல்ஃப் வண்டியின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும், அந்தப் பெண்மணி முதல் வேலையாகக் குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் போய்ச் சேரும் நாள்வரை இனி அதைத் தொட மாட்டேன் என்பதுபோல ஒரு பெருமூச்சு விட்டாள். சின்ன வயதில் இப்படிச் செய்தவள் ஒருத்திதான். வெர்லீனுக்குக் கை வழுக்கி, வண்டி பாதையோரத்து மணலில் இறங்கி ஏறியது.

முன்பதிவில் இருந்ததெல்லாம் ‘ஆர். ஹார்க்னெஸ், கனடா, இரண்டு பேர், பத்து நாள்’ என்பது மட்டுந்தான். ஆர் என்றால் ரோவீனா என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? அந்தக் காலத்தில் அவள் ரோவீனா கெட்ரிட்ஜ். அப்பா, அம்மா, அண்ணன், அவள் என்று நாலு பேரும் வருஷம் தவறாமல் மார்ச் மாதம் மூன்று வாரம் இதே மஞ்சள் வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குவார்கள். வெர்லீனின் அம்மா ட்ருசில்லா அப்போது அந்த வீட்டில் சமைத்து, பெருக்கி, துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு சிறுமிகளுக்கும் ஒரே வயது. காலையில் வெளியே போனால் வயிறு பசித்தால்தான் வீட்டு ஞாபகம் வரும்.

வீட்டுச் சொந்தக்காரர் காலமான பிறகு, வெர்லீனும் அவள் கணவன் லியாண்டரும் அதை வாங்கினார்கள். ஆறு வருஷத்துக்கு முன் வந்த பெரும்புயல் கூரையையும் முன்பக்கச் சுவர்களையும் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. மழைநீர்த் தொட்டியும், மாடிப்படியும், பின்பக்க அறையும் மட்டும் நின்றன. மீதியை இருவரும் ஒன்றரை வருஷத்தில் திரும்பக் கட்டி, தேடிப்பிடித்து அதே மஞ்சளை அடித்தார்கள்.

விருந்தாளிகளுக்கு எப்போதும் சொல்வதையே வெர்லீன் அன்றும் சொன்னாள். குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்க வேண்டாம், தொட்டியில் இருப்பது மழை கொடுத்த தண்ணீர். நீச்சல் கண்ணாடிகள் பின்கதவு ஆணியில் தொங்கும். ஆமைகள் காலையில்தான் மேற்குக் குடாவுக்குப் புல் மேய வரும். பன்றிகள் நீந்தும் கடற்கரைக்குப் போனால் கையில் தின்பண்டம் எதுவும் இருக்கக் கூடாது. ரோவீனாவின் கணவர் டங்கன் மீனைப் பற்றி மட்டும் கேட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வெள்ளி நிறப் போன்ஃபிஷ்ஷைத் தூண்டிலில் பிடித்து, ஒரு புகைப்படம் எடுத்து, திரும்பவும் கடலிலேயே விடுவதற்காக இரண்டு விமானம் மாறி வந்திருக்கிறார். அவரை அங்கே கூட்டிப்போவது லியாண்டரின் தொழில்.

ரோவீனா எதையும் காதில் வாங்கவில்லை. பின்பக்க அறைக்குள் போய்ச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“இங்க நான் சின்ன வயசுல வந்திருக்கேங்க” என்றாள். “பெப்பர்னு ஒரு பொண்ணு இருந்தா. நிஜப் பேரு என்னவோ, யாருமே சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. இப்ப எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?”

வெர்லீன் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“அவளா? அவ தலைநகரத்துக்கு, நஸாவ் பக்கம் போயி ரொம்ப வருஷம் ஆச்சே.”

தன் வீட்டுக்கு வந்து லியாண்டரிடம் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. நஸாவ் போனவள் வரும்போது தனக்கு ஒரு சட்டை வாங்கிவரட்டும் என்றான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு நிதானமாகக் கேட்டான். அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். அந்த விஷயத்தைக் கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவனிடம்கூடச் சொன்னதில்லை.

நடந்தது இதுதான். நாலாவது மார்ச்சில் ஒரு மத்தியானம், பெரியவர்கள் தூங்கும் நேரம், துறையில் கட்டியிருந்த மஞ்சள் வீட்டுத் துடுப்புப் படகை வெர்லீன் அவிழ்த்தாள். எதிரே தெரிந்த மணல்திட்டுக்குப் போய் நட்சத்திர மீன் பொறுக்கலாம் என்பது அவள் யோசனை. போய்ச் சேர்ந்ததும் கரையோரம் கிடந்த ஒரு கட்டையில் படகைக் கட்டியதும் அவளே. தண்ணீர் ஏறியது, முடிச்சு நழுவியது, படகு போய்விட்டது. சூரியன் சாயும் நேரத்தில் சங்கு எடுக்கப் போய்த் திரும்பிய ஒருவர் இருவரையும் கண்டு ஏற்றிவந்தார். படகு பாறைத்திட்டில் மோதி நொறுங்கிக் கிடந்தது.

துறையில் ரோவீனாவின் அப்பா கெட்ரிட்ஜ் நின்றுகொண்டிருந்தார். யார் அவிழ்த்தது என்று கேட்டார். அவருக்குப் பின்னால் ட்ருசில்லா ஏப்ரனைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கு இந்த வேலை போய்விடும் என்று பத்து வயது வெர்லீனுக்குத் தெரிந்தது. வாயடைத்து நின்றாள். பக்கத்திலிருந்து ரோவீனா, “நான்தான்” என்றாள்.

மீதி நாட்கள் ரோவீனாவை அறையை விட்டு வெளியே விடவில்லை. ஃபெரி ஏறும்போது கை மட்டும் ஆட்டினாள். அடுத்த மார்ச்சில் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த மார்ச்சிலும் இல்லை. பதினைந்து பதினாறு வயதுவரை மார்ச் பிறந்தால் வெர்லீன் துறைக்குப் போய் நிற்பாள். ரோவீனா தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டதால்தான் அவளுக்கு இந்தத் தீவே இல்லாமல் போயிற்று என்று மனதில் பதிந்துவிட்டது. அப்படிப்பட்டவளிடம் ‘நான்தான் பெப்பர்’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

மூன்று நாள் இப்படியே ஓடியது. ஆண்கள் விடியும் முன்பே தூண்டிலோடு கிளம்பிவிட, வெர்லீன் ரோவீனாவை ஊர் சுற்றிக்காட்ட வேண்டியதாயிற்று. ஆமைகளுக்கு மேலே மிதந்தார்கள். சவுக்கு நிழலில் உட்கார்ந்து ஜானிகேக் ரொட்டி தின்றார்கள். ரோவீனா நடந்த இடமெல்லாம் பெப்பரைப் பற்றியே பேசினாள். பெப்பர் இந்தச் சுவரிலிருந்து குதிப்பாள், பெப்பர் ஓட்டைச் சங்கை ஊதிக் கோழிகளை விரட்டுவாள். தன்னைப் பற்றித் தானே கேட்டுக்கொண்டு, ‘அப்படியா’ என்று தலையாட்டுவதைப்போல ஒரு அவஸ்தை வேறு இல்லை. ஆனால் கேட்கப் பிடித்தும் இருந்தது. அந்த ஒல்லிப் பெண்ணை அத்தனை அழகாக வேறு யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

நாலாம் நாள் சங்கு சாலட் வேண்டும் என்றாள் ரோவீனா. ஹெஸ்கத் மாமாவின் கடைக்கு மட்டும் போகக்கூடாது என்று வெர்லீன் முடிவு செய்திருந்தாள். எண்பத்திரண்டு வயதாகியும் அவர் இன்னும் அவளைப் பழைய பெயரில்தான் கூப்பிடுவார். ஆனால் மற்ற கடை அன்று பூட்டியிருந்தது. துறைமுனைக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, மாமா தலை கவிழ்ந்து ஓட்டிலிருந்து சங்கின் சதையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தப்பித்தோம் என்று நினைத்தாள்.

“வாடி பெப்பர்” என்றார் மாமா, தலை நிமிராமலே. “உன் வண்டிச் சத்தம் கேட்டாலே தெரியுமே. புருஷன் எங்க? இன்னைக்கும் பிடிச்ச மீனை விட்டுட்டு வரத்தான் போயிருக்கானா?”

வெர்லீன் சங்கு ஓடுகளின் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா கத்தியால் வெங்காயத்தையும் தக்காளியையும் பொடியாக நறுக்கி, புளிப்பு ஆரஞ்சைப் பிழிந்தார். காரம் எவ்வளவு என்று கேட்டார்.

“நஸாவ்ல இருந்து எப்ப வந்தே?” என்றாள் ரோவீனா கடைசியில். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது.

இருவரும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு துறைப்பலகையில் போய் உட்கார்ந்தார்கள். வெர்லீன் எல்லாவற்றையும் சொன்னாள். அவிழ்த்தது, கட்டியது, வாய் திறக்காமல் நின்றது, மார்ச் மாதங்கள் எல்லாம். சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

ரோவீனா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். “நானா? நானா அப்படிச் சொன்னேன்?”

“நீதான். உங்கப்பா முன்னாடி நின்னு.”

“எனக்கு ஞாபகமே இல்ல பெப்பர். மணல்ல உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கு. உன் பையில ஒரு சப்போட்டா இருந்துச்சு. காய். பாதி பாதி தின்னோம், உதடு ஒட்டிக்கிச்சு. நான் பயப்படக் கூடாதுன்னு சர்ச்சுல பாடுற பாட்டையெல்லாம் நீ பாடினே. தப்புத் தப்பா.”

வெர்லீனுக்கு ஒரு கணம் கோபம் வந்தது. நாற்பத்தேழு வருஷம் ஒருத்தி தூக்கிச் சுமந்ததை இன்னொருத்தி எங்கோ போட்டுவிட்டு மறந்தும்போயிருக்கிறாள். அப்புறம் என்ன கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“அப்போ ஏன் வரவே இல்ல?”

அந்தக் கோடையிலேயே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள் என்றாள் ரோவீனா. அண்ணன் அப்பாவோடு, அவள் அம்மாவோடு. நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட கடைசி இடம் அந்த மஞ்சள் வீடு. அதனாலேயே இத்தனை வருஷம் வரத் துணிவில்லை. போன வருஷம் அண்ணனும் இறந்தபிறகு, அந்த நாலு பேரில் மிச்சம் இருப்பது தான் ஒருத்திதான் என்று தோன்றியதும் கிளம்பிவிட்டாள்.

ஹெஸ்கத் மாமா இரண்டாவது கிண்ணத்தை அவர்கள் கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

“உங்கம்மா இருக்காங்களா?”

“புயலுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போயிட்டா. நல்லவேளை, அதைப் பார்க்கல.”

ரோவீனா மெதுவாகச் சொன்னாள்: “என்னை அறையில போட்டுப் பூட்டின அன்னைக்கு உங்கம்மா மாடிக்கு வந்தாங்க. மாவுல கொய்யா வச்சு உருட்டி அவிச்ச டஃப், தட்டு நிறைய. தலையில முத்தம் குடுத்துட்டு, ‘அந்த முடிச்சு யார் போட்டதுன்னு எனக்குத் தெரியும் கண்ணு. அப்படி ஒரு மோசமான முடிச்சு இந்தத் தீவுல ஒருத்திதான் போடுவா’ன்னாங்க. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. டஃப் நல்லா இருந்துச்சு, தின்னேன்.”

வெர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு முப்பத்தொன்பது வருஷம், ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு ஜாடை காட்டவில்லை. இப்போது அழுகை வந்தது. ரோவீனா அவள் முதுகில் கை வைத்தாள். மாமா கேட்காததுபோல முதுகைத் திருப்பிக்கொண்டு கத்தியைக் கழுவினார், ஏற்கெனவே கழுவிய கத்திதான்.

மறுநாள் லியாண்டர் டங்கனோடு அவர்கள் இருவரையும் படகில் ஏற்றிக்கொண்டான். நஸாவிலிருந்து வந்தவர்களுக்கு இன்று சவாரி இலவசம் என்று அறிவித்தான். பழைய மணல்திட்டு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. புயல் அதை அடியோடு அள்ளிப்போயிருந்தது. கொஞ்சம் தெற்கே புதிதாக ஒன்று எழும்பியிருந்தது. இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. கணுக்காலளவுத் தண்ணீர், கீழே மாவுபோல மணல். ஆண்கள் தூண்டிலோடு தூரம் போனார்கள்.

இரண்டு பேரும் தண்ணீரிலேயே உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்தில் ஊரில் யார் யார் இருந்தார்கள் என்று ரோவீனா கேட்டாள். வெர்லீன் வடக்கு முனையிலிருந்து தொடங்கினாள். ரொட்டி சுட்ட அல்மைரா, ஒற்றைக் கண் தபால்காரர், சர்ச் மணியைத் தினமும் பத்து நிமிஷம் தாமதமாக அடித்த லாம்பர்ட், அவர் வளர்த்த பொல்லாத ஆடு. சில பெயர்களை ரோவீனா முந்திக்கொண்டு சொன்னாள். சிலரின் முகம் மட்டும் இருவருக்கும் வந்தது, பெயர் வரவில்லை. பாதி ஊர்தான் முடிந்திருந்தது, தண்ணீர் இடுப்புக்கு ஏறிவிட்டது. லியாண்டர் தூரத்திலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டான். இன்னும் தெற்குத் தெரு பாக்கியிருக்கிறது, கொஞ்சம் பொறு என்று வெர்லீனும் கையை ஆட்டினாள்.