கழுகு முகத்து முடிச்சு

எங்கள் குழுவில் ஒரு பழக்கம். முகமூடியைக் கட்டிவிடுகிறவர், பின்னால் முடிச்சுப் போட்டதும் முன்னால் வந்து நின்று "தெரியுதா?" என்று கேட்க வேண்டும். கண் துளை நேராக இருந்தால், ஆடுகிறவர் "தெரியுது" என்பார். அதன் பிறகு முகமூடியைக் கழற்றும்வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது.

அந்த விழாவில் பல நாட்டு முகமூடி ஆட்டக்காரர்களுக்கும் வேஷம் கட்ட ஒரே கூடம்தான். ஒரு குழு முகமூடியைக் கும்பிட்டுவிட்டு மாட்டியது. இன்னொரு குழு அதற்குள் துப்பிவிட்டு மாட்டியது. வைக்கோல் உடுப்புக்காரர்கள் கூடம் முழுக்கக் குப்பை போட்டார்கள். ஒருத்தராவது துடைப்பத்தைத் தொட வேண்டுமே. வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். அன்று எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

என் கொழுந்தன் இறந்துவிட்டான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சற்று முன்புதான் போன் வந்திருந்தது.

வாலு என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். நான் வாழ வந்தபோது பால்பல் விழுந்த பொக்கை வாயோடு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன். எனக்குப் பிள்ளை இல்லை என்ற குறையை அவன் வைக்கவில்லை. கழுகு வேஷம் அவனுடையது. ஒத்திகையில் மயங்கி விழுந்தவன், ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே, "சும்மா நடிச்சேன் அண்ணி, பயந்துட்டீங்களா?" என்று கேட்டான். பாவி, நானும் ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

அவனுக்குப் பதிலாகக் கழுகு கட்டப்போவது என் கணவர். ஏணி வைத்து ஏறும் உயரத்தில், குறுகலான பலகையின் மேல் ஆட வேண்டும். போன் வந்ததை மேளக்காரரிடம் மட்டும் சொன்னேன்.

"ஆடி இறங்கற வரைக்கும் அவர்கிட்ட சொல்லாதம்மா," என்றார் அவர். "அங்க கால் தடுமாறினா அவ்வளவுதான். ஒரே நாள்ல ரெண்டு பேரைப் பறிகொடுக்கணுமா?"

"மூஞ்சியை எப்படி வச்சுக்கிட்டு நான் அவர் முன்னாடி நிக்கறது?"

"கட்டிவிடற வரைக்கும்தானே. அப்புறம் அந்த ஓட்டையில அவருக்கு உன் மூஞ்சியா தெரியப்போகுது?"

முகம் கழுவிக்கொண்டு போனேன். அவர் முகமூடியை மடியில் கவிழ்த்து வைத்து அதன் உட்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்டே?"

"ஊசி தேடிட்டிருந்தேன்."

வாலுவின் தலை சின்னது. முகமூடி ஆடாமலிருக்க, தன் பழைய பனியன் ஒன்றை மடித்து உள்ளே திணித்து வைத்திருந்தான். நான் அதை எடுக்கக் கையை விட்டேன்.

"இருக்கட்டும்," என்றார்.

"உங்க தலைக்கு இறுக்குமே. வலிக்கும்."

"இருக்கட்டும்ங்கறேன்ல."

சட்டைக் காலர் இறுக்கினாலே ஊரைக் கூட்டுகிற மனுஷர். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். என் மூஞ்சியைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்ததால் உறைக்கவில்லை. முடிச்சு நழுவியது. வழக்கமாக வள்ளென்று விழுகிறவர், தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தார். எப்படியோ கட்டி முடித்து முன்னால் வந்து நின்றேன்.

"தெரியுதா?"

அவர் முகமூடியை இரண்டு கையாலும் ஒரு முறை அசைத்துப் பார்த்தார்.

"என்னங்க, தெரியுதா?"

"தெரியும்," என்றார்.

எத்தனையோ பேருக்குக் கட்டிவிட்டிருக்கிறேன். யாரும் அப்படிச் சொன்னதில்லை. கழுகு மூக்குக்கு நேரே குனிந்து, கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"எப்பலேருந்து?"

"பொழைக்க மாட்டான்னு மத்தியானமே டாக்டர் சொல்லிட்டாரு."

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

முடிச்சை அவிழ்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து, ஒரு முறை அழுத்தி, விலக்கிவிட்டார். "இதை மட்டும் அவனுக்காக ஆடிடறேன்," என்றார். வெளியே மேளம் ஆரம்பித்துவிட்டது. அறிவிப்பாளர் பழைய தாளைப் பார்த்து வாலுவின் பெயரையே வாசித்தார். கூட்டம் கைதட்டியது.

எழுந்து போனவர் ஏணியின் முதல் படியைக் காலால் துழாவினார். ஒரு தடவை தவறியது. மறுபடியும் துழாவினார்.

"தெரியுதா?" என்று நான் முதலில் கேட்டதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அந்த மேளச் சத்தத்தில் கூப்பிட்டுக் கேட்க முடியாது. அவர் ஏறிக்கொண்டிருந்தார்.