பெருங்காயத்துக்குப் பதில்

தேவானை வீட்டு அடுப்படியில் ஈயம் பூசிய இரண்டு உருளிகள் இருந்தன. ஒன்று பூண்டு பட்டது, இன்னொன்று படாதது. படாததற்கு மயிலாப்பூர் உருளி என்று பெயர். மேற்கு மாம்பலத்தில் இருந்துகொண்டு ஊறுகாய், தொக்கு, புளிக்காய்ச்சல் எல்லாம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்த புதிதில், பூண்டு சேர்க்காத மயிலாப்பூர் மாமிகளுக்காகவே வாங்கியது. அதற்குத் தனிக் கரண்டி, தனிப் பிடிதுணி, தேய்க்கத் தனி நார். அவள் கணவர் சுயம்புலிங்கம் தி.நகரில் ஒரு துணிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்பவர். "ஏளா, அந்த உருளிக்கு ஒரு ஆதார் கார்டும் எடுத்துரு" என்று கிண்டல் செய்வார். தேவானைக்குக் கோபம் வராது. மாமிகள் அவளை நம்புவதே அந்த உருளியால்தான் என்று அவளுக்குத் தெரியும்.

இவ்வளவு சுத்தபத்தமாக இருந்தவள்தான் ஆனி மாதத்தில் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

புளிக்காய்ச்சலுக்கு உயிர் பெருங்காயம். தேவானை கட்டிக்காயம் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். நல்லெண்ணெயில் போட்டு, அது பொரிந்து மேலே வரும்போது எடுத்து, இடித்துச் சேர்ப்பாள். அந்த வாசனைக்காகத்தான் அடையாறிலிருந்தும் ஆள் அனுப்பி வாங்கிப் போவார்கள். அந்த மாதம் பார்த்துச் சந்தையில் கட்டிக்காயம் இல்லை. மாம்பலம் மார்க்கெட், பாண்டி பஜார், மயிலாப்பூர் குளத்தோரத்து நாட்டு மருந்துக் கடை, எங்கே கேட்டாலும் உதட்டைப் பிதுக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து வரத்து நின்றுவிட்டதாம். டப்பாவில் அடைத்த தூளைப் போட்டு வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் கிளறிப் பார்த்தாள். மைதாவுக்குப் பெருங்காயத்தின் போட்டோவைக் காட்டிவிட்டு அடைத்த தூள் போலிருக்கிறது, காய்ச்சல் சவசவவென்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஜெயஸ்ரீ மாமி போன் செய்தாள். மயிலாப்பூர் மாட வீதி பக்கம் ஃபிளாட்டில் இருப்பவள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர், பல வருஷ வாடிக்கை. அவளுடைய ஒரே பிள்ளை ஸ்ரீநாத் மழையில் பைக்கோடு விழுந்து இடுப்பில் அடிபட்டுக் கிடந்தான். நடப்பானா என்று டாக்டர்களே வாயைத் திறந்து சொல்லவில்லை. அவன் எழுந்து நிற்கும்வரை சனிக்கிழமை தவறாமல் வீட்டுப் பெருமாளுக்குப் புளியோதரை படைத்து, அன்று முழுக்க அதை மட்டும் சாப்பிடுவதாக மாமி வேண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கும் ஆத்துக்குமா அலைஞ்சிண்டிருக்கேன் தேவானை. அடுப்புகிட்ட நின்னு கிளற உடம்புல தெம்பில்லை. நீங்க பண்ணினா எங்காத்துல பண்ணின மாதிரிதான். பெரிய டப்பாவா குடுத்துடுங்கோ."

காயம் கிடைக்கவில்லை மாமி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமியும் சரி, தூளையே போடுங்கோ என்றிருப்பாள். ஆனால் தேவானைக்குக் கௌரவம் குறுக்கே நின்றது. சவசவவென்று ஒரு புளிக்காய்ச்சல் தன் கையிலிருந்து போவதா? செல்போனில் தேடினாள். வெளிநாட்டு அடுப்படி ஒன்றில் தலைமுடியை விரித்துப் போட்டிருந்த ஒரு பெண், பெருங்காயம் கிடைக்காவிட்டால் கவலையே வேண்டாம், பூண்டு போதும் என்று சிரித்தாள். அவளுக்கென்ன, அவளுக்கு மயிலாப்பூரில் வாடிக்கை இல்லை.

மயிலாப்பூர் உருளியில் பூண்டைப் போட தேவானைக்கு மனசு வரவில்லை. அதனால் வேறு வாணலியில் நல்லெண்ணெய் ஊற்றி, நாலு பல் பூண்டைக் கருகக் கருகப் பொரித்து, அரித்து எடுத்துக் குப்பையில் போட்டாள். அந்த எண்ணெயை மட்டும் உருளியில் ஊற்றினாள். பூண்டைத்தான் எடுத்தாயிற்றே, எண்ணெய் எண்ணெய்தானே என்று சொல்லிக்கொண்டாள். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள மனுஷருக்கு எவ்வளவு நுணுக்கமான கைவேலை தெரிந்திருக்கிறது. புளி கொதித்து எண்ணெய் பிரிந்தபோது எழும்பிய வாசனை, பழைய வாசனையைவிடத் தூக்கலாகவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மாமி போன் செய்தாள். "அமிர்தம் தேவானை. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு காய்ச்சல் நீங்களே பண்ணினதில்லை. காயம் எங்கே வாங்கினேள்?"

பிறந்ததிலிருந்து பூண்டை நாக்கில் வைக்காதவளுக்கு அது பூண்டு என்று எப்படித் தெரியும்? "வழக்கமா வாங்குற எடந்தான் மாமி" என்றாள் தேவானை. அதற்கப்புறம் சனிக்கிழமை என்றாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்நேரம் விளக்கேற்றியிருப்பாள், இந்நேரம் படைத்திருப்பாள், இந்நேரம் அந்தச் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள் என்று மனசு கூடவே போயிற்று.

ஆவணி கடைசியில் ஸ்ரீநாத் எழுந்து நின்றான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைத் தாண்டி வாசல்வரை வந்துவிட்டானாம். மாமி போனில் அழுதாள். "டாக்டர் என்ன வேணா சொல்லட்டும். பெருமாளும் உங்க கையும்தான்."

அன்று தேவானை கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சுயம்புலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லிரலாமுன்னு தோணுது" என்றாள்.

"சொல்லி? பையன் எந்திரிச்சிட்டாங்கற சந்தோசத்துல இருக்காங்க. இப்பப் போயி வேண்டுதல் கெட்டுப்போச்சுன்னு சொன்னா, அவன் ஒரு தும்மல் போட்டாக்கூட அந்தம்மா பயந்து சாவாங்க. ஒன் பாரத்த எறக்கி வைக்க அவங்க தலதானா கெடச்சுது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் தனக்கு வசதியாகவும் இருந்ததுதான் தேவானையை அறுத்தது. அவள் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்தது. பிள்ளை நடந்ததற்காக மாமி சனிக்கிழமை சமாராதனைக்கு ஏற்பாடு செய்தாள். ஃபிளாட்டின் கீழே உள்ள ஹாலில் வேங்கடாசலபதி படம் வைத்துப் பூஜை, பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. புளிக்காய்ச்சல் தேவானைதான். நல்லவேளையாக அதற்குள் கட்டிக்காயம் கடைக்கு வந்துவிட்டது. தேவானை உருளியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள், மறுபடியும் தேய்த்தாள், ஈயம் போய்விடப் போகிறது என்று சுயம்புலிங்கம் கத்தும்வரை தேய்த்தாள். பழைய பக்குவத்தில், ஒரு குறையும் இல்லாமல் கிளறினாள். இதோடு கணக்கு நேராகிவிடும் என்று ஒரு நப்பாசை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூக்குகளோடு மாமி வீட்டுக்கு ஆட்டோவில் போய் இறங்கினாள். படைப்பதற்கு முன்னால் எதையும் ருசி பார்க்கக் கூடாது என்பதால், ருசி பார்க்கவென்று சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வருவது அவள் வழக்கம். மாமி அதில் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி தொட்டு வைத்தாள்.

"இது அது இல்லையே தேவானை."

"அதே பக்குவந்தான் மாமி."

"இல்லை. போன தடவை ஒரு வாசனை இருந்தது. இதுல ஏதோ மாறியிருக்கு." மாமி தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்கோ. நாளைக்குப் பெரியவா எல்லாம் வரா. பாத்திரம் ஏதாவது மாறிடுத்தா? இதுல வெங்காயம், பூண்டு ஏதாவது..."

"சாமி சத்தியமா இதுல பூண்டு இல்ல மாமி."

சொன்னது அத்தனையும் உண்மை. அவள் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமான பொய்யைச் சொன்னதில்லை என்று தோன்றியது.

மாமியின் முகம் தெளிந்தது. "நீங்க சொன்னா போதும். என் நாக்குதான் செத்துப்போச்சு போலிருக்கு." பூஜை அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். தேவானை கொடுத்த அதே பெரிய டப்பா. "அடியில கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஈரக்கரண்டி படாம, எச்சில் படாம வெச்சிண்டிருக்கேன். இதையும் உங்க தூக்குல கலந்துடறேன். பெருமாளுக்கு அந்த ருசிதானே பழக்கம்."

கரண்டியைத் துடைத்துக்கொண்டு தூக்கின் மூடியைத் திறந்தாள். தேவானை சட்டென்று அந்த மூடியின்மேல் கையை வைத்து மூடினாள். மாமி நிமிர்ந்து பார்த்தாள்.

"கலக்காதீங்க மாமி." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அதுலதான் பூண்டு. அந்த மாசம் காயம் கிடைக்கல. பூண்டப் பொரிச்சு எடுத்துட்டு, எண்ணெய மட்டும் ஊத்துனேன்."

உள்ளறையில் வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. ஸ்ரீநாத் நடந்து பழகிக்கொண்டிருந்தான். மாமி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கையிலிருந்த கரண்டியை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். திட்டப்போகிறாள் என்று தேவானை காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"ஆனியிலேர்ந்து சொல்லலை. இன்னிக்கு ஏன் சொல்றேள்?"

"நாளைக்கு சமாராதனை மாமி. பெருமாளுக்குப் படைக்கிறது. அதுல போயி..."

மாமி அவளை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் டீச்சரின் முகமாக இருந்தது.

"அப்போ இத்தனை சனிக்கிழமையும் நான் யாருக்குப் படைச்சேன்னு நினைச்சிண்டிருந்தேள்?"

மாமி பழைய டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். பிறகு, பூண்டு படாத புதுக் காய்ச்சல் இருந்த தூக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பிக் கொண்டுபோகும்படி, அதன் பக்கத்தில் வைத்தாள்.