தீர்த்தகிரி கால் வைத்த ஓடை

1977 சித்திரையில் தீர்த்தகிரி வேலையை விட்டு, மலைமேல் இருந்த தன் ஊருக்குத் திரும்பிய அன்று அவன் வீட்டில் இருந்த பாலெல்லாம் திரிந்துபோயிற்று. அடுப்பில் இருந்த ஆட்டுப்பால் முதலில் திரிந்தது. அடுத்து, மனைவி பாஞ்சாலையின் மார்பில் இருந்தது. கைக்குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துத் துப்பியது.

அவன் சில வருடங்களாகத் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு படிகாரக் கம்பெனியில் வேலை செய்தவன். அங்கே ஈயத்தகடு பதித்த கொப்பரைகளில் மண்ணும் திராவகமும் கொதிக்கும். கொதித்ததைத் தொட்டியில் ஊற்றினால் பாறையாக இறுகும். அதைச் சம்மட்டியால் உடைத்து மூட்டை கட்டுவார்கள். பெரும்பாலான மூட்டைகள் டவுன்களின் குடிநீர்த் தொட்டிகளுக்குக் கலங்கலைப் படியவைக்கப் போகும். தூய வெள்ளையாக வருவதை மட்டும் பிரித்து, வயிற்றெரிச்சலுக்கு மருந்து செய்யும் ஒரு கம்பெனிக்கு லாரியில் ஏற்றுவார்கள். தீர்த்தகிரி அந்த வெள்ளைத் தொட்டியில் வெறுங்காலோடு நின்றவன். நின்று நின்று படிகாரம் உடம்பில் ஏறிவிட்டது. வியர்வை துவர்த்தது. அவன் விரல் பட்டால் வெட்டுக்காயத்தில் ரத்தம் நின்றது. சாமை அறுப்பில் கையை அறுத்துக்கொண்டவர்கள் நேராக அவனிடம் வந்தார்கள். அதில் ஊருக்கு ஒரு குறையும் இல்லை. பால் ஒன்றுதான் தொந்தரவு.

பாஞ்சாலை அவனைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், அடுப்புச் சாம்பலாலும் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவன் ஓடையைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போனால் மட்டும் பால் பாலாகச் சுரந்தது.

"நான் போறேன் பாஞ்சாலை. புள்ள குடிக்கட்டும்" என்றான்.

"எங்க? திரும்பவும் கம்பெனிக்கா?"

"இல்ல. ஓடைக்கு அந்தாண்ட. நீ கூப்ட்டா கேக்குற தூரம்தான்."

எதிர்க்கரையில் கொஞ்சம் கீழே தள்ளி ஒரு குடிசை போட்டுக்கொண்டான். காலையில் அவள் இந்தக் கரையில் பாத்திரம் கழுவும்போது அவன் தண்ணீரில் இறங்கி நிற்பான். ஓடையில் வரும் கலங்கலெல்லாம் அவன் காலடிக்கு வந்து படியும். அதுவரை பழுப்பாக வந்த தண்ணீர் அவனைத் தாண்டியதும் கண்ணாடியாகப் போகும். படிந்ததைக் குனிந்து கையில் அள்ளிப் பார்ப்பான். செம்மண் என்றால் அவள் சாமைக் கொல்லையில் களையெடுத்திருக்கிறாள். கருமண் என்றால் புளியந்தோப்புப் பக்கம் போயிருக்கிறாள். மஞ்சள் வந்தால் வெள்ளிக்கிழமை. மற்றவர்கள் கடுதாசி பார்ப்பதுபோல அவன் சேற்றைப் பார்த்தான். குடிசைக்குள் அந்த மண்ணைக் காயவைத்து ஓர் ஓரமாகக் குவித்திருந்தான். படுக்கும்போது அதன் பக்கமாகத் தலை வைத்தான்.

அந்த வருடம் சந்தவாசலுக்கு மேலே, மலையடியில் இருந்த ஊரில் வாந்திபேதி வரவில்லை. அந்த ஓடைத் தண்ணீரைக் குடித்து ஒவ்வொரு மழைக்கும் பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டிருந்த ஊர் அது. சுகாதார ஆய்வாளர் சக்கரவர்த்தி ஊர்த் தொட்டியில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் கொட்டினாலும் கலங்கல் தண்ணீரில் அது வேலை செய்யாமல் இருந்தது, இப்போது செய்தது. காரணம் தேடி ஓடையோரமாகவே மேலே ஏறி வந்தவர் தீர்த்தகிரியின் கணுக்காலில் வந்து நின்றார். தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தார்.

"ரெண்டு காலும் வெக்காதய்யா, துவர்க்குது. காலையில ஒரு கால் போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதன்பிறகு ஒரு கால்தான். அடிவாரத்துக்காரர்கள் நன்றியாக, தங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு வீடு கட்டித் தருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அவன் சேற்றை அள்ளிக்கொண்டு குடிசைக்குப் போய்விட்டான். அந்தச் செய்தி பாஞ்சாலை காதுக்கும் போயிற்று.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பியிருந்தது. ஒரு நாள் அது தாயின் மார்பைத் தள்ளிவிட்டு, சட்டிக் கூழில் கையை விட்டுத் தின்றது. அதோடு பாலை மறந்தது. பாஞ்சாலைக்கு மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. அவள் அவனைக் கூப்பிடவில்லை. அடிவாரத்து வீட்டுக்குப் போகிறவனை நாம் ஏன் கூப்பிட வேண்டும் என்று இருந்துவிட்டாள். தினமும் ஓடையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தபடி அழுதாள். எதிரே அவன் வழக்கம்போல ஒரு காலை வைத்து நின்று, சேற்றை அள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகக் குடிசைக்குப் போனான். கடைசியில் அவள் பொறுக்கமாட்டாமல் பாத்திரத்தைக் கல்லில் அடித்துக் கத்தினாள்.

"இன்னா மாமா மன்சன் நீ? இத்தினி நாளா அழுவுறேன். உனக்குத் தெரியலயா?"

தீர்த்தகிரி திடுக்கிட்டுக் கையிலிருந்த மண்ணைப் பார்த்தான்.

"சாம்பல் வந்துச்சு. மஞ்சள் வந்துச்சு. நீ அழுதது வரலியே பாஞ்சாலை."

கண்ணீரில் கலங்கல் கிடையாது. அது படியாமல் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று அவன் ஓடையின் கீழ்ப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"புள்ள பால மறந்துட்ச்சு" என்றாள் அவள்.

அவன் குடிசைக் கதவைக்கூடச் சாத்தவில்லை. இரண்டு காலாலும் ஓடையைக் கலக்கிக்கொண்டு வந்தான். அன்று அடிவாரத்தில் யாராலும் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை.

மறுநாளே சக்கரவர்த்தி மூச்சிரைக்க ஏறி வந்தார். "நீ வூட்டோட இருந்துட்டா எங்க ஊரு கதி இன்னாய்யா?" என்றார். பாஞ்சாலைதான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இந்தாண்ட நின்னு கால வெச்சா மட்டும் தண்ணி மேல ஏறிடுமாங்க? கீழதான போவும்" என்றாள்.

அவர் ஓடையைப் பார்த்தார். அதுவும் சரிதான் என்று தோன்றியது. மோர் கேட்டார், அந்த வீட்டில் இனி கிடைக்காது என்றார்கள். தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

1983இல் அடிவாரத்து ஊருக்குக் குழாய் வந்தது. தண்ணீர் அதே ஓடைத் தண்ணீர்தான். சில நாள் விடிந்து வெகுநேரமாகியும் குழாயில் செம்மண் கலங்கலாக வரும். பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, "மேல இன்னும் எழுந்திருக்கல போலக்கீது" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வாசல் பெருக்கவோ மாட்டைக் கட்டவோ போய்விடுவார்கள். யாரும் ஆள் அனுப்பி எழுப்பியதில்லை.